அத்தியாயம் 4: இரும்பையில் மனை வாங்குவதற்கு முன் நிலத்தின் வகையைக் கேளுங்கள்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டை ஒட்டி, ஒவ்வொரு வளைவிலும் மனை விற்பனைப் பலகை ஒன்று நிற்கிறது. பாண்டிச்சேரிக்குப் பத்து நிமிடம், ஆரோவில்லுக்கு ஐந்து நிமிடம், வங்கிக் கடன் உண்டு என்று எல்லாம் எழுதியிருக்கும். அந்த மனை எந்த வகை நிலத்தில் வருகிறது என்பது மட்டும் எந்தப் பலகையிலும் இருக்காது. வாங்க வருகிறவரும் "பத்திரம் கிளியரா?" என்பதைத்தான் முதலில் கேட்கிறார். இரும்பை போன்ற ஊரில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

ஏன் என்பது ஊரை ஒரு சுற்று வந்தால் தெரியும். வானூர் வட்டத்தைச் சேர்ந்த இந்தச் சிற்றூரில் சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இருக்கிறது. கடுவெளிச் சித்தர் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் கோயில் அது. பக்கத்திலேயே பெரிய ஏரி. ஊரின் நடுவில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் நத்தம். வெளியே செம்மண் புஞ்சையும் முந்திரித் தோப்பும். அவற்றின் இடையிடையே ஆரோவில் நிலங்கள். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு. ஒன்றில் செல்லுபடியாகும் பத்திரம், வரப்பைத் தாண்டினால் வெறும் காகிதமாகிவிடலாம்.

பத்திரம் பதிவாகிவிட்டால் நிலம் எனக்குத்தானே?

இல்லை. பத்திரப் பதிவு என்பது இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதற்கான பொதுப் பதிவு. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை இருந்ததா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. பட்டாவும் அப்படித்தான். வருவாய்த் துறைக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது, யார் அனுபவத்தில் இருக்கிறார் என்பதைக் காட்டும் வலுவான சான்று அது. ஆனாலும் உரிமை யாருக்கு என்று சண்டை வந்தால் முடிவு சொல்வது உரிமையியல் நீதிமன்றம். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அதற்கும் கீழே.

ஆகவே மூன்று வகை ஆவணங்களைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். தாய்ப் பத்திரத்திலிருந்து தொடங்கும் பத்திரச் சங்கிலி, வில்லங்கச் சான்று, வருவாய்த் துறை ஆவணங்கள். வருவாய் ஆவணம் என்றால் பட்டா, சிட்டாவோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அ-பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் சேர்த்து எடுங்கள். நான்கும் தமிழ்நாடு அரசின் இணைய சேவையில் கிடைக்கின்றன. இவற்றில் அ-பதிவேட்டைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஒரு புல எண்ணுக்கு ஒரு வரி. அதில் நன்செய்யா புன்செய்யா, ரயத்துவாரியா புறம்போக்கா, புறம்போக்கு என்றால் ஏரியா ஓடையா வண்டிப்பாதையா மேய்க்காலா என்று இருக்கும். குறிப்புக் கலத்தில் ஏதாவது நிபந்தனை எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். புரோக்கர் கொண்டுவரும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். புல எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு நீங்களே எடுங்கள்.

இது எந்த நிலம்?

நத்தத்தில் தொடங்குவோம், பழைய வீடுகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. கிராம நத்தம் அரசுப் புறம்போக்கு, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயம் தேவையற்றது. நத்தம் என்பது ஊரார் குடியிருக்க ஒதுக்கிய இடம், வீடு கட்டிக் குடியிருப்பவருக்கே அதில் உரிமை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நத்தம் நிலவரித் திட்டத்தில் முதலில் தோராயப் பட்டா கொடுத்து, ஆட்சேபம் கேட்டு, பிறகு தூய பட்டா கொடுத்தார்கள். பலர் தோராயப் பட்டாவை பீரோவில் வைத்துவிட்டு அதோடு மறந்துவிட்டார்கள். நத்தம் வீட்டை வாங்குகிறவர், தூய பட்டா யார் பெயரில் இருக்கிறது, புதிய நத்தம் புல எண் என்ன என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பழைய பத்திரத்தில் பழைய எண் இருக்கும். இரண்டு எண்ணுக்கும் தனித்தனியே வில்லங்கம் போட்டுப் பார்ப்பது நல்லது.

கோயில் நிலம் வேறு கதை. இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம் 1959-ன் 34-வது பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. பழைய இனாம் கணக்கு, பூசாரி பெயரில் பட்டா, அறங்காவலர் கையெழுத்து என்று எதைக் காட்டினாலும் அனுமதி எங்கே என்றுதான் கேட்க வேண்டும். பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவும் இப்படிப்பட்ட நிலங்களைத் தடையில்லாச் சான்று இல்லாமல் பதிவு செய்யக் கூடாது என்கிறது. கோயில் ஊர்களில் அடிமனை கோயிலுடையது, மேல்கட்டு குடியிருப்பவருடையது என்ற ஏற்பாடும் உண்டு. அப்படி ஒரு வீட்டை வாங்கினால் நீங்கள் வாங்குவது சுவரையும் கூரையையும்தான். அடிமனைக்கு வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம்.

ஏரிப் புறம்போக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வாங்காதீர்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச் சட்டமே வந்தது. இருபது வருடம் வீட்டு வரி கட்டினோம், மின்சாரம் வாங்கினோம் என்ற வாதம் அங்கே எடுபடுவதில்லை. ஓடைக்கும் வாய்க்காலுக்கும் இதே கதிதான். புலப்படத்தில் இரட்டைக் கோடாக ஓடை போவது தெரியும். தரையில் அது தூர்ந்து முள்ளுக்காடாக இருந்தாலும் கணக்கில் ஓடைதான்.

பஞ்சமி நிலம் விழுப்புரம் மாவட்டத்தில் வாங்குகிற யாரும் அறிந்திருக்க வேண்டியது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் கொடுத்த அறிக்கையை அடுத்து 1892-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய நிலங்கள் இவை. முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நடுவில் எத்தனை கை மாறியிருந்தாலும், எத்தனை பத்திரம் பதிவாகியிருந்தாலும் அந்த நிபந்தனை ஒட்டிக்கொண்டே வரும். இலவச வீட்டுமனைப் பட்டாவிலும் விற்பனைக்கு நிபந்தனை அச்சிட்டிருக்கும். பின்பக்கத்தையும் திருப்பிப் படியுங்கள்.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. 1988-ல் நாடாளுமன்றம் இயற்றிய ஆரோவில் அறக்கட்டளைச் சட்டத்தின்படி அதன் சொத்துகள் அறக்கட்டளையின் வசம் இருக்கின்றன. அங்கே குடியிருப்பவர் வீட்டைப் பராமரிக்கலாம், விற்க முடியாது. எனவே "ஆரோவில்லுக்குள் என் வீட்டைத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அறக்கட்டளை நிலமும் தனியார் பட்டா நிலமும் அக்கம்பக்கமாகக் கலந்து கிடப்பதால், எல்லையை அளந்து பார்க்காமல் வேலி போடாதீர்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் வெளிநாட்டினர். இந்திய வம்சாவளி அல்லாத, வெளிநாட்டில் வசிக்கும் அயல்நாட்டுக் குடிமகன் பொதுவாக இங்கே சொத்து வாங்க முடியாது. ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர் வீடு வாங்கலாம், ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. "உங்கள் பெயரில் வாங்கி வையுங்கள், பணம் நான் தருகிறேன்" என்று நண்பர் கேட்டால், அது பினாமி. 2016-ல் திருத்திய சட்டத்தின்படி ஏழாண்டு வரை சிறை, சொத்தும் பறிபோகும். நட்புக்காகச் செய்தேன் என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறதே?

முந்திரித் தோப்பைச் சமன்படுத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டு, கல் நட்டு, ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள வரைபடத்தோடு விற்ற மனைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. நகர் ஊரமைப்புத் துறையின், அதாவது டி.டி.சி.பி.யின், தொழில்நுட்ப அனுமதி வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்டதும், தமிழ்நாடு முழுக்கப் பத்திரப் பதிவே ஸ்தம்பித்துப் போனது பலருக்கு நினைவிருக்கும். பிறகு 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான் அதில் வழி. அந்தத் தேதிக்குப் பிறகு வெட்டிய அங்கீகாரமற்ற மனை என்றால் தள்ளி நில்லுங்கள்.

மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் என்றால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்த பிறகே விளம்பரமே செய்யலாம். பதிவு எண்ணை ஆணையத்தின் இணையத்தளத்தில் போட்டால் அனுமதி வரைபடம் வரும். அதில் பார்க்க வேண்டியது மனையைவிடச் சாலையை. வரைபடத்தில் 23 அடி, 30 அடி என்று பொதுவழி காட்டியிருக்கும். அந்தச் சாலைகளை உரிமையாளர் ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். கொடுக்காத இடங்களில் சாலை இன்னும் அவர் பட்டாவில்தான் இருக்கும். பத்து வருடம் கழித்து அவருடைய பேரன் வந்து அதன் குறுக்கே வேலி போடுவான்.

பாதைத் தகராறு இந்தப் பகுதியில் வரும் வழக்குகளில் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருவது. தோப்பின் உள்ளே ஐந்து சென்ட் மலிவாகக் கிடைக்கிறது, பக்கத்து நிலக்காரர் "நீங்க தாராளமா போய் வாங்க" என்கிறார். அவர் இருக்கும்வரை சரி. இருபது ஆண்டு தடையின்றி உரிமையாகப் போய்வந்திருந்தால் வழியுரிமை கேட்க 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அனுமதி வாங்கிப் போனவருக்கு அந்த உரிமை பிறக்காது. தாராளமாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையே உங்களுக்கு எதிராக நிற்கும். பாதையின் அகலம், நீளம், புல எண் ஆகியவற்றைப் பத்திரத்தின் சொத்து விவரத்திலேயே எழுதி வாங்குங்கள்.

வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை, போதுமா?

பதிவுத் துறையின் இணையத்தளத்தில் 1975-லிருந்து வில்லங்கம் பார்க்கலாம். அதற்கு முந்தையது வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். குறைந்தது முப்பது ஆண்டு பாருங்கள். உட்பிரிவு எண் போட்டு ஒரு முறை, உட்பிரிவு இல்லாமல் முழுப் புல எண்ணுக்கு ஒரு முறை. உட்பிரிவு பிறப்பதற்கு முந்தைய பத்திரங்கள் இரண்டாவதில்தான் வரும்.

வில்லங்கச் சான்றில் வராதவை உண்டு. உயில் வராது. இறப்பால் வாரிசுகளுக்குச் சேர்ந்த உரிமை வராது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. ஊர் வட்டிக்காரரிடம் மூலப் பத்திரத்தைக் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் அதுவும் வராது. அதனால்தான் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறோம். "தொலைந்துவிட்டது" என்று சொன்னால், காவல் நிலையத்தில் கொடுத்த புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் அறிவிப்பு மூன்றையும் கேளுங்கள்.

யார் யார் கையெழுத்து வேண்டும்?

ஒரு கணக்கு போடுவோம். தன் சம்பாத்தியத்தில் வீடு கட்டிய ஒருவர், இந்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். "மூணு பேரும் கையெழுத்துப் போடுவோம்" என்று அம்மாவும் இரண்டு மகன்களும் வந்து உட்காருகிறார்கள். மகளுக்கு 40 பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். சட்டத்தில் அந்த 40 பவுனுக்கு இடமே இல்லை, மகளுக்குச் சம பங்கு. அதைவிட எல்லோரும் மறப்பது இறந்தவருடைய தாயை. அவர் அப்போது உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. பங்கு ஐந்தாகப் பிரிந்து ஆளுக்கு ஐந்தில் ஒன்று. அந்தப் பாட்டி பிறகு இறந்திருந்தால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும், அதாவது விற்பவர்களின் அத்தை, சித்தப்பாக்களுக்கு. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றில் தாயின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பூர்வீகச் சொத்து என்றால், தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே, அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. தந்தை 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை, விற்பனைகளை மட்டும் அந்தத் திருத்தம் தொடாது. 2022-ல் வந்த அருணாசல கவுண்டர் தீர்ப்பு, தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் வழக்கு. 1956-க்கு முன் இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்தில்கூட மகளுக்கு உரிமை உண்டு என்றது. பங்கு வேண்டாம் என்கிற சகோதரி விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தர வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதியது செல்லாது. வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள்.

பவர் ஏஜெண்டு கையெழுத்திடுகிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று உயிர்வாழ் சான்று கேளுங்கள். முடிந்தால் அவரோடு நேரில் பேசிவிடுங்கள். அவர் இறந்த கணத்தில் சாதாரணப் பவர் செத்துப்போகும். பவரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு "நிலம் வாங்கிவிட்டேன்" என்று இருப்பவர்களும் உண்டு. அது விற்பனையே ஆகாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் தீர்த்துவிட்டது.

அளவும் பணமும்

புதுச்சேரி எல்லையில் மனை வாங்குபவருக்குக் குழிக் கணக்கு ஒரு பொறி. இந்தப் பக்கம் குழி என்றால் 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி, ஏறக்குறைய 132 சென்ட். தமிழ்நாட்டின் வேறு பல இடங்களில் குழி என்பது 12-க்கு 12, வெறும் 144 சதுர அடி. பட்டாவிலோ ஹெக்டேர், ஏர். ஓர் ஏர் கிட்டத்தட்ட 2.47 சென்ட். பேச்சு குழியில் நடக்கட்டும், பத்திரத்தில் சதுர அடி, சென்ட், ஏர் மூன்றும் ஒத்து வர வேண்டும். இடம் எந்த மாநிலம் என்பதையும் உறுதி செய்யுங்கள். இங்கே இரண்டு அரசுகளின் ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. சொத்து இருக்கும் எல்லைக்குரிய அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் பத்திரம் செல்லும்.

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்ச ரூபாய் மனைக்கு 1,80,000. 2025 ஏப்ரல் முதல், 10 லட்ச ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 8 லட்ச ரூபாய் மனைக்கு 8,000 மிச்சம். முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாகக் கொடுக்கவும் வாங்கவும் கூடாது, வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விவசாய நிலம் நீங்கலாக, வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தையும் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி இரண்டு சாட்சி போட்டால் போதும் என்று இன்னும் சொல்வார்கள். விற்பவர் பின்வாங்கினால் வழக்குப் போட மூன்றாண்டு அவகாசம். அதுவரை உங்களிடம் மீதிப் பணம் தயாராக இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கில் காட்டுங்கள், வாய்வார்த்தை நிற்காது.

பிள்ளைக்கு எழுதி வைத்துவிட்டேன், இப்போது சோறு போடவில்லை

வயதானவர்கள் கேட்கும் கேள்விகளில் இதுதான் அதிகம். உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். தான செட்டில்மெண்ட் அப்படியல்ல, பதிவானதும் உரிமை போய்விடும். குடும்பத்துக்குள் செட்டில்மெண்டுக்குச் செலவு குறைவு, முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. அந்த மலிவுதான் பலரை அவசரப்படுத்துகிறது. 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. பராமரிப்பார் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, அவர் பராமரிக்காவிட்டால், பத்திரத்தை ரத்து செய்யக் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். உங்கள் வட்டம் எந்த வருவாய்க் கோட்டத்தில் வருகிறதோ அந்தக் கோட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வக்கீல் தேவையில்லை. நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டுமா என்பதில் 2022-ல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாக இருந்தது, 2025 ஜனவரியில் சற்று இளகியது. நீதிபதியின் இளக்கத்தை நம்பி இருப்பானேன்? "என் ஆயுள்வரை என்னை இந்த வீட்டில் குடியிருக்க விடவும், பராமரிக்கவும் கடமைப்பட்டு" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆவண எழுத்தர் "அதெல்லாம் வழக்கமில்லைங்க" என்பார். விடாதீர்கள்.

பதிவு முடிந்தது, இனி?

முழுப் புல எண்ணையும் அப்படியே வாங்கியிருந்தால் பட்டா பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். ஒரு பகுதியை வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும், அதற்கு நில அளவர் வந்து அளக்க வேண்டும். அந்த நாளில் நீங்கள் இருங்கள், பக்கத்து நிலக்காரர்களுக்கும் தகவல் சொல்லி நிற்க வையுங்கள். கல் நட்டதும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கூட்டுப் பட்டாவிலேயே விட்டுவைத்தால், விற்கும்போதோ கடன் கேட்கும்போதோ எல்லோர் பின்னாலும் அலைய நேரும். 1980-களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் பெயரோ பரப்போ தவறிப்போயிருப்பது தெரிந்தால், வருவாய்க் கோட்டத்தில் திருத்த மனுக் கொடுங்கள். பழைய பட்டாவும் பத்திரமும் கையில் இருந்தால் வேலை சுலபம். சாதாரணப் பட்டா மாற்றத்தில் வட்டாட்சியர் உத்தரவு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம்.

வீடு கட்ட, 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் என்றால் 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. மனை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். வரியும் மின் இணைப்பும் பெயர் மாற்றுவது ஒரு வாரத்து வேலை.

வழக்கு என்று வந்துவிட்டால் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் எவ்வளவு வருமானம் இருந்தாலும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. விழுப்புரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. போகும்போது அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று, கடைசி இரண்டு பத்திரங்களின் நகல் ஆகியவற்றை ஒரே உறையில் கொண்டுபோங்கள்.